பலேர்மோவில் மிச்சமிருக்கும் ஒரு நாள்: மலையா, கடலா, மொசைக்கா?

சிசிலிக்குப் போகிறவர்கள் பலேர்மோவுக்கென்று இரண்டு மூன்று நாள்தான் ஒதுக்குவார்கள். முதல் நாள் பழைய நகரத்துக்குள் நடப்பது, சந்தையில் சாப்பிடுவது, அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மீதி நாளுக்குத்தான் அடிதடி. நகரத்தை ஒட்டியே மோன்தே பெல்லெக்ரினோ மலை நிற்கிறது, மேற்கே போனால் ஜிங்கரோ இயற்கைக் காப்பகம், கிழக்கே போனால் செஃபலூ, தெற்கே மேட்டில் மொன்ரேயாலே பேராலயம், போதாததற்குப் பக்கத்திலேயே மோன்தெல்லோ கடற்கரை. எல்லாவற்றுக்கும் கண்ணைப் பறிக்கிற படம் இருக்கிறது, எல்லாவற்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று யாராவது எழுதியிருக்கிறார்கள், அதை நம்பி எல்லாவற்றையும் திணித்தால் விடுமுறை பஸ் ஸ்டாப்பிலேயே கழிந்துவிடும்.

அழகை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது, ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. நான் பார்ப்பது வண்டி, வெயில், முட்டி இந்த மூன்றைத்தான். கையில் கார் உண்டா, போகிற மாதம் எது, கூட வருகிறவர்களில் யாருக்காவது ஏறி இறங்கினால் கால் வலிக்குமா. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

எட்னா எரிமலையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது தீவின் மறுகோடி, கத்தானியா பக்கம். ஒரே நாளில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம் என்று டூர் விற்பவர்கள் உண்டு, ஆனால் பகலில் பாதிக்கு மேல் பஸ் ஜன்னல் வழியாகத்தான் சிசிலியைப் பார்ப்பீர்கள். எட்னா வேண்டுமென்றால் கத்தானியாவில் ஒரு இரவு தங்குங்கள். அக்ரிஜெந்தோவின் கிரேக்கக் கோயில்களும் ரயிலில் ஒரு வழிக்கே சுமார் இரண்டு மணி நேரம், அதற்குத் தனியாக ஒரு நாள் இருந்தால் பார்க்கலாம்.

பலத்தீனாவா, மொன்ரேயாலேயா

முதலில் கட்டடக் கணக்கை முடித்துவிடுவோம். பினீசியர்கள் தொடங்கிய துறைமுகம் இது. கி.மு. 254ல் ரோமானியர் கைக்குப் போனது, கி.பி. 831ல் அரபுகள் பிடித்தார்கள், 1072ல் வட பிரான்சைப் பூர்வீகமாகக் கொண்ட நார்மன்கள் வந்தார்கள். வந்தவர்கள் இருந்ததை இடித்துத் தள்ளாமல், அரபுத் தச்சர்களையும் கிரேக்க மொசைக் கலைஞர்களையும் லத்தீன் பாதிரியார்களையும் ஒரே கட்டடத்துக்குள் வேலைக்கு வைத்தார்கள். இத்தாலியின் வேறு எந்தப் பெரிய ஊரிலும் இந்தக் கலவையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது. 2015ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அரபு-நார்மன் இடங்கள் ஒன்பது: ஏழு பலேர்மோவிலேயே, எட்டாவது மொன்ரேயாலே பேராலயம், ஒன்பதாவது செஃபலூ பேராலயம்.

பழைய நகரத்துக்குள் இருக்கிற அரண்மனையில் கப்பெல்லா பலத்தீனா. நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1130 கிறிஸ்துமஸ் நாளில் முடி சூடினார், 1140ல் இந்தத் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே போனதும் எல்லாரும் தங்க மொசைக்கைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள் (நம் வீட்டுத் தரை மொசைக்கை நினைக்காதீர்கள், இது சுவரில் பொடிப்பொடிக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்த சித்திரம்). நான் மேலே பார்க்கச் சொல்வேன். நடுக்கூடத்தின் கூரை முழுக்க மரம், அரபு பாணியில் அடுக்கடுக்காகத் தொங்கும் குடைவுகள், ஒவ்வொரு குடைவுக்குள்ளும் சின்னச் சின்ன ஓவியம்: சம்மணம் போட்டுக் கையில் கிண்ணம் வைத்திருப்பவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், மிருகங்கள், ஓரங்களில் அரபு எழுத்து. கீழே பூசை நடக்கிற கிறிஸ்தவத் தேவாலயம், தலைக்கு மேலே அரசவைக் கொண்டாட்டம். வெறும் கண்ணுக்கு எல்லாம் புள்ளியாகத்தான் தெரியும், போனில் ஜூம் செய்து பாருங்கள்.

மொன்ரேயாலே நகரத்திலிருந்து எட்டுப் பத்துக் கிலோமீட்டர், பியாட்சா இந்திபெந்தென்ட்சாவிலிருந்து 389ஆம் எண் பஸ். ரோஜரின் பேரன் இரண்டாம் குல்யெல்மோ 1170களில் கட்டத் தொடங்கியது. மொசைக் மட்டும் ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல். பலத்தீனாவில் கழுத்தை வளைத்துத் தேட வேண்டியது இங்கே ஒரு பெரிய மண்டபமாக விரிகிறது, படைப்பிலிருந்து நோவாவின் கப்பல் வரை சுவரிலேயே கதை ஓடுகிறது, பைபிள் தெரியாதவர்கள்கூடத் தொடர்ந்துகொண்டு போகலாம். ஒட்டியிருக்கும் மடத்தின் முற்றத்தில் ஜோடி ஜோடியாக 228 தூண்கள், ஒவ்வொரு ஜோடியின் தலைப்பிலும் வேறு வேறு செதுக்கு வேலை. முற்றத்துக்கு டிக்கெட் தனி. என்னைக் கேட்டால் பேராலயத்தைவிட முற்றத்தில்தான் நேரம் நன்றாகப் போகும்.

ஒன்றுதான் முடியும் என்றால்? ஒரே ஒரு காலை நேரம் மட்டும் இருப்பவர்கள் பலத்தீனா. ஏனென்றால் அந்தக் கூரை வேறெங்கும் கிடையாது, மொசைக் அப்படியல்ல, பக்கத்திலேயே மர்தொரானா தேவாலயத்தில் கிறிஸ்துவே ரோஜருக்கு முடி சூட்டுகிற மொசைக் இருக்கிறது, செஃபலூவிலும் இருக்கிறது. அரை நாள் முழுதாக இருப்பவர்கள், அதுவும் குழந்தைகளோடு வருபவர்கள், மொன்ரேயாலே போங்கள். அங்கே இடம் இருக்கிறது, காற்று இருக்கிறது, மொட்டைமாடிக்கு ஏறினால் கீழே பலேர்மோ சமவெளியும் கடலும் தெரியும். பலத்தீனாவில் கூட்டம் நெருக்கும், கப்பல் பயணிகள் வந்து இறங்குகிற நாளில் உள்ளே நின்று பார்க்கவே விடமாட்டார்கள், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

நேரம் பார்த்துப் போங்கள். அரண்மனையில் இப்போது சிசிலியின் சட்டமன்றம் நடக்கிறது, சபை கூடும் வார நாட்களில் அரச அறைகளை மூடிவிட்டுத் தேவாலயத்தை மட்டும் காட்டுவார்கள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் தேவாலயத்துக்குள்ளும் விடமாட்டார்கள். மொன்ரேயாலேயில் மதியம் கதவைச் சாத்தும் வழக்கம் உண்டு, பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினால் காபிக்கடைதான் கதி. இரண்டு இடத்திலும் தோளும் முட்டியும் மறைகிற உடை வேண்டும்.

பெல்லெக்ரினோ: ஊருக்குள்ளேயே ஒரு மலை

இனி இயற்கைக் கணக்கு. இதில் மோன்தே பெல்லெக்ரினோதான் எனக்கு முதலிடம், காரணத்தைச் சொல்கிறேன்.

சுண்ணாம்புக்கல் மலை, அறுநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், துறைமுகத்தின் வடக்கே நேராகக் கடலிலிருந்து எழும்பி நிற்கிறது. 1787ல் வந்த ஜெர்மன் கவிஞர் கதே, உலகத்திலேயே அழகான கடல்முனை இதுதான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதைப் பலேர்மோக்காரர்கள் இன்று வரை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மலை 1990களிலிருந்து காப்பகம். அடிவாரத்தில் ஃபவோரிதா பூங்கா, 1799ல் போர்போன் அரசர் ஃபெர்தினாந்தோ வேட்டைக்காக வளைத்த காடு, இப்போது ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்.

மலைமேல் சுமார் 430 மீட்டர் உயரத்தில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில். ரொசாலியா 12ஆம் நூற்றாண்டு நார்மன் பிரபு வீட்டுப் பெண், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் குகையில் துறவியாக வாழ்ந்து இறந்தார் என்பது மரபு. 1624ல் பலேர்மோவைப் பிளேக் பிடித்தது. அந்த வருடம் ஜூலை 15 அன்று குகையில் எலும்புகள் கிடைத்தன, மறு வருடம் ஜூனில் அவற்றை ஊர்வலமாக நகரத்தைச் சுற்றி எடுத்துவந்தார்கள், நோய் தணிந்தது, அன்றிலிருந்து நகரத்தின் காவல் தெய்வம் அவர்தான். ஓவியர் வான் டைக் அப்போது பலேர்மோவில்தான் இருந்தார், ரொசாலியாவைப் பல தடவை வரைந்தார். ஜூலை 14 இரவு நகரத்துக்குள் பெரிய தேரோட்டம், வாணவேடிக்கை. செப்டம்பர் 3 இரவு மலையேற்றம், அதை அக்கியனாத்தா என்கிறார்கள், செருப்பில்லாமல் ஏறுகிறவர்களும் உண்டு. பழனிப் படியில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியவர்களுக்கு இந்த இரவு ஒன்றும் அந்நியமாக இருக்காது.

அந்தக் கூட்டத்தில் தமிழும் கேட்கும். இத்தாலியில் ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர்களில் பலேர்மோ முக்கியமானது, 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களும் அவர்களது பிள்ளைகளும். அவர்களில் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் ரொசாலியா அம்மனை விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு மலையேறி வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, நேர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். இத்தாலியப் பத்திரிகைகளும் மானுடவியலாளர்களும் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், ஏதோ அதிசயம் கண்ட மாதிரி. மலை, குகை, சுனைநீர், ஒரு பெண் தெய்வம், இதில் நமக்கு என்ன ஆச்சரியம்?

முன்பக்கம் பார்த்தால் சாதாரண 17ஆம் நூற்றாண்டுத் தேவாலய முகப்பு. உள்ளே நுழைந்ததும் கூரையில்லாத ஒரு முன்கூடம், வானம் தெரிகிறது. அதைத் தாண்டினால் மூன்று பக்கமும் பாறை. மேலே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அது கும்பிட வந்தவர்கள் தலையில் விழாமல் இருக்கக் கூரையெங்கும் மெல்லிய தகடுகளை வளைத்துத் தாரைகளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கோணல்மாணலாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, கடைசியில் எல்லாம் கீழே ஒரு தொட்டிக்கு வந்து சேர்கின்றன. அந்த நீரைத் தீர்த்தமாக எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும் ரொசாலியா சிலை, பளிங்கு உடம்பு, மேலே தங்க முலாம் ஆடை, சுற்றிலும் கைகால் வடிவ வெள்ளித் தகடுகள், குழந்தை உடைகள், போட்டோக்கள், நன்றிக் கடிதங்கள். கலை என்று பார்த்தால் மொன்ரேயாலேயின் கால்தூசிக்கு வராது. ஆனால் பலேர்மோ மக்கள் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்பது இங்கேதான் தெரியும், பலத்தீனாவில் தெரியாது.

ஏறுவது எப்படி? நகரத்தின் வடக்கே பழைய பொருட்காட்சி மைதானத்துக்குப் பக்கத்தில் கல் பாவிய பழைய யாத்திரைப் பாதை தொடங்குகிறது, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம். படிக்கட்டு இல்லை, சாய்வான கல்தளம்தான், ஆனால் பல நூற்றாண்டு கால் பட்டு வழுவழுப்பாகிவிட்டது, மழைக்குப் பிறகு இறங்கும்போது கவனம். முட்டி ஒத்துழைக்காதவர்களுக்குப் பொலித்தியாமா அரங்கப் பக்கத்திலிருந்து 812ஆம் எண் பஸ் கோயில் வாசலுக்கே போகிறது. அடிக்கடி கிடையாது, திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாறை சரிந்து கார்ப்பாதையை மூடிவைப்பது அவ்வப்போது நடக்கும், மழைக்காலம் என்றால் கிளம்புமுன் விடுதியில் விசாரிப்பது நல்லது. பஸ்ஸில் ஏறுமுன் டபாக்கி என்ற பெட்டிக்கடையில் டிக்கெட் வாங்கி, ஏறியதும் மெஷினில் பதிந்துவிடுங்கள். டிக்கெட் பையில் இருந்தும் பதியாததற்கு அபராதம் கட்டியவர்கள் உண்டு.

கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் அரை மணி நடந்தால் கடலைப் பார்த்து நிற்கும் ரொசாலியா சிலை, அங்கிருந்து முழு வளைகுடாவும் தெரியும். ஆக, காலையில் ஏறி, மதியத்துக்குள் இறங்கி, சாயங்காலம் மோன்தெல்லோவில் கடலில் கால் நனைக்கலாம். காரே தேவையில்லாமல் ஒரே நாளில் மலை, கோயில், கடல் மூன்றும் வேறு எந்தத் தேர்விலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

ஜிங்கரோ: எல்லாரும் ஆசைப்படுவது

சரி, ஜிங்கரோ. படத்தில் பார்த்த அந்தப் பச்சை நீலத் தண்ணீர் உண்மைதான், ஃபில்டர் இல்லை. ஸ்கொபெல்லோவுக்கும் சான் வீத்தோ லோ காப்போவுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் கடற்கரை, வண்டிப்பாதை கிடையாது, ஒரு ஒற்றையடித் தடமும் அதிலிருந்து இறங்கும் குட்டிக் குட்டிக் குடாக்களும்தான். அங்கே ரோடு போடத்தான் இருந்தார்கள். 1980 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியே நடந்துபோய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வேலை நின்றது, 1981ல் சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் என்று சட்டம் வந்தது. தொடக்கத்திலேயே ஒரு சுரங்கம் வரும், அது அந்தக் கைவிட்ட ரோட்டுக்காகக் குடைந்தது. நடுவழியில் ஊட்சோ குகை, பத்தாயிரம் வருடத்துக்கு முன்பே மனிதர்கள் தங்கிய இடம். தடம் முழுக்கக் குட்டைப் பனை, பெரும்பாலும் இடுப்புயரத்துக்கு மேல் போகாத பனை, ஐரோப்பிய மண்ணில் இயற்கையாக வளரும் அபூர்வப் பனைகளில் ஒன்று.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இரண்டாமிடம் என்றால், வண்டி. பலேர்மோவிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸில் போவதென்றால் முதலில் காஸ்தெல்லம்மாரே வரை, அங்கிருந்து ஸ்கொபெல்லோவுக்கு வேறு பஸ், அங்கிருந்து வாசலுக்கு நடை. ஒன்று தவறினால் நாள் போச்சு. அப்புறம் வெயில். தடத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. கடை கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் பாட்டில் ஒன்றோடு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும், குடாவிலிருந்து தடத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் வர வேண்டும். கோடையில் காட்டுத்தீ வேறு. 2012லும் 2020 ஆகஸ்டிலும் காப்பகத்தின் பெரும் பகுதி எரிந்தது, ஆபத்தான நாட்களில் வாசலையே மூடிவிடுவார்கள்.

ஆனால் ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர், கையில் காரும் இருக்கிறது என்றால் நான் சொன்ன வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், ஜிங்கரோ முதலிடம். அக்டோபரில்கூடக் கடல் குளிக்கிற சூட்டில் இருக்கும், கூட்டம் பாதிகூட இருக்காது. ஒரு யோசனை: பலேர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே 35 கிலோமீட்டர், ஜிங்கரோவும் மேற்கே. நகரத்தில் இருக்கும் வரை காரே எடுக்காதீர்கள், பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வண்டிகளுக்குத் தடை மண்டலம் உண்டு, கேமரா படம் பிடித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு அனுப்பும், பார்க்கிங் தனிக் கொடுமை. கடைசி நாளில் விமான நிலையத்தில் கார் எடுத்து, ஸ்கொபெல்லோவில் ஒரு இரவு தங்கி, காலை ஏழு எட்டு மணிக்கெல்லாம் காப்பக வாசலில் நின்றால் வெயில் ஏறுமுன் இரண்டு குடா பார்த்துவிடலாம். இந்திய லைசென்சோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

முழுத் தடத்தையும் நடக்க வேண்டும் என்ற வீராப்பு வேண்டாம். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்தால் உங்கள் கார் இந்தப் பக்கம் இருக்கும், நீங்கள் அந்தப் பக்கம் இருப்பீர்கள். முதல் குடாவான கப்ரெரியாவில்தான் கூட்டம் அப்பிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டிப் போங்கள்.

செஃபலூ: எல்லாவற்றிலும் கொஞ்சம்

வீட்டில் ஒருவருக்குக் கோயில், ஒருவருக்கு மலை, ஒருவருக்குக் கடல் என்றால் சண்டையை முடித்துவைக்கிற ஊர் செஃபலூ. பலேர்மோ சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், ஸ்டேஷனிலிருந்து எல்லாம் நடை தூரம். 1131ல் ரோஜர் தொடங்கிய பேராலயம், கருவறை வளைவில் 1148ஐச் சேர்ந்த கிறிஸ்து மொசைக். ஒரு கையில் விரித்த புத்தகம், ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன், "நானே உலகத்தின் ஒளி" என்ற வசனம். மொன்ரேயாலே கிறிஸ்து இதைவிடப் பெரியவர். முகம் என்று பார்த்தால் என் ஓட்டு செஃபலூவுக்கு. ரோஜர் தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று கல் பெட்டியெல்லாம் செய்துவைத்திருந்தார், கடைசியில் பலேர்மோவில் புதைத்தார்கள், அந்தப் பெட்டிகளையும் பிறகு பேரன் ஃபிரெட்ரிக் பலேர்மோவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்குப் பின்னால் லா ரோக்கா, 270 மீட்டர் பாறை. கட்டணம் கட்டி ஏற வேண்டும், கோட்டைச் சுவர் இடிபாடு, பெரும் பாறைகளை அடுக்கிய தியானா கோயில், உச்சியிலிருந்து கீழே ஓட்டு வீடுகளும் இரட்டைக் கோபுரமும். முழுக்க ஏற ஒரு மணி நேரம் போதும், ஆனால் ஏற்றம் செங்குத்து, பெல்லெக்ரினோ மாதிரி பஸ் கிடையாது. முட்டிக்காரர்களைக் கீழே கடற்கரையில் உட்காரவைத்துவிட்டு ஏறலாம், ஊரை ஒட்டியே மணல் இருக்கிறது.

குறை என்ன? ஆகஸ்டில் அந்த மணலில் கால் வைக்க இடம் இருக்காது, ரயிலில் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும், பேராலயத் தெருவில் சாப்பாட்டு விலை பலேர்மோவைவிடக் கூடுதல். நவம்பரிலிருந்து மார்ச் வரை வந்தால் செஃபலூ அமைதியான, நல்ல ஊர். குளிர்காலத்தில் எதைத் தேர்வது என்று கேட்பவர்களுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், ரயிலை நம்பலாம், மழை வந்தால் பேராலயத்துக்குள் ஒதுங்கலாம். செஃபலூவிலிருந்து உள்ளே போனால் மதோனியே மலைகள், அங்கே நெப்ரோதி ஃபிர் என்ற மரம், காட்டில் முப்பது சொச்சம் வளர்ந்த மரங்கள்தான் மிச்சம். காரும் இன்னொரு நாளும் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம், ஒரு நாள் கணக்கில் அது அடங்காது.

மோன்தெல்லோ பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சதுப்பு நிலத்தை வடித்து நூறு வருடத்துக்கு முன் உருவான கடற்கரைப் பேட்டை, நடுவில் 1913ஆம் வருடக் குளியல் மாளிகை, 806ஆம் எண் பஸ். கோடையில் இலவச மணலைத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே நடந்தால் காப்போ கல்லோ முனை, பாறைக் கரை, நீச்சல் தெரிந்தவர்களுக்கு மணலைவிட அதுதான் நல்லது. உஸ்திகா தீவுக்கு வேகப்படகில் ஒன்றரை மணி நேரம், நீருக்கடியில் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும், மறுநாள் விமானம் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

அரை நாள் மட்டும் மிச்சமிருந்தால்

இங்கே போட்டி இரண்டுக்குத்தான். கப்புச்சின் மடத்தின் நிலவறை, அல்லது தாவரவியல் பூங்கா. நிலவறையில் பதப்படுத்தி நிறுத்திய ஆயிரக்கணக்கான சடலங்கள், உடுப்போடு, வரிசையாக. போனவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். நான் ஒரு தடவைக்கு மேல் போகமாட்டேன், குழந்தைகளைக் கூட்டிப்போகவும் மாட்டேன்.

பூங்கா 1795ல் திறந்தது, பத்து ஹெக்டேர். அதன் ராஜா 1845ல் வந்த ஆஸ்திரேலிய ஃபைக்கஸ், நம் ஆலமரத்தின் இனம், விழுது விட்டுத் தூணாக்கித் தோப்பாகவே நிற்கிறது. வெயில் நாளில் அதன் அடியில் உட்கார்ந்தாலே டிக்கெட் காசு சரியாகிவிடும். நம் கோயில் வாசல்களில் இருக்கும் அரளி இனத்துப் பூமரம், பெருங்கள்ளி என்றும் சொல்வார்கள், அதுவும் இங்கே உண்டு. பலேர்மோவில் பொமேலியா என்று பெயர், நகரத்துப் பால்கனி எல்லாம் தொட்டியில் வைத்திருப்பார்கள். குளிர் தாங்காத செடி என்பதால் பனிக்காலத்தில் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு முட்டை ஓட்டைக் கவிழ்த்துவைப்பார்கள், டிசம்பரில் போனால் தெருவில் தலையைத் தூக்கிப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லரோ சந்தையில் பனெல்லே கேளுங்கள், கடலைமாவைக் காய்ச்சி ஆறவைத்து வெட்டிப் பொரித்தது, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். ஸ்ஃபிஞ்சோனே என்று ரொட்டி மேல் தக்காளி வெங்காயம் போட்டதைச் சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், நெத்திலி கலந்திருக்கும். மண்ணீரல் ரொட்டிக்கடை வரிசை பக்கத்திலேயே இருக்கும், வாசனையிலேயே தெரிந்துவிடும்.

பூங்காவிலிருந்து பியாட்சா மரீனாவுக்கு நடந்தே போகலாம். அங்கேயும் ஒரு ராட்சத ஃபைக்கஸ் நிற்கிறது, இதற்கு டிக்கெட் இல்லை. ஞாயிறு காலை என்றால் அதைச் சுற்றிப் பழைய பொருள் சந்தை போடுவார்கள், முதலில் சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள், பர்ஸை முன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.